மலையாளம் வாசிக்காத போன்

என் கணவருக்கு எந்தப் போன் வாங்குவது என்று எங்கள் வீட்டில் ஒன்றரை மாதம் பேச்சு நடந்தது. ஐபோனா, ஆண்ட்ராய்டா? மற்ற வீடுகளில் இந்தப் பேச்சு வந்தால் கேமராவைப் பற்றி வரும், விலையைப் பற்றி வரும். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. அவருக்குக் கண் தெரியாது. திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கிற போன் வேண்டும், இரண்டில் எது அவர் விரலுக்குப் படியும் என்பதுதான் கேள்வி. வெளியே அப்படித்தான் பேசிக்கொண்டோம். எனக்குள் வேறொரு காரணம் இருந்தது. அதை யாரிடமும் சொல்லாமல் ஒன்றரை மாதமும் நான் ஒரு பக்கமாகவே பேசிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் மட்டாஞ்சேரியில் தமிழ் பேசுகிற முஸ்லிம் குடும்பம். அவர் பிறந்ததே இங்கேதான். நான் பாலக்காட்டிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். பஜாரில் அவருக்கு மீன்பிடிச் சாமான் கடை இருந்தது. நைலான் கயிறு, வலை நூல், மிதவை, ஈயக்குண்டு. கடலுக்குப் போகிறவர்கள் வந்து நின்று எந்த மீனுக்கு எந்த வலை என்று அவரிடம் கேட்பார்கள். அவர் ஒரு நாளும் கடலுக்குப் போனவரில்லை. ஆனாலும் கேட்பார்கள்.

சர்க்கரை வந்து பல வருடம் ஆகியிருந்தது. மாத்திரை போடுவார், மறப்பார், மறுபடி போடுவார். ஒரு மழைக்காலத்தில், "கண்ணுக்குள்ள கொசு பறக்குது" என்று சொல்ல ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். மட்டாஞ்சேரியில் கொசுவுக்கா பஞ்சம் என்று. ஆஸ்பத்திரிக்குப் போனபோது வலது கண்ணில் உள்ளே ரத்தம் கசிந்து, எல்லாம் முடிந்திருந்தது. இடது கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி இருக்கிறது என்பார். கடையை வேறொருவர் எடுத்துக்கொண்டார். இவர் வீட்டோடு உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அவருடைய போனை வாசிப்பது என் வேலையானது. காலையில் சாயா குடித்து முடித்ததும் போனை என் பக்கம் நீட்டுவார். "வாசி" என்பார். குடும்பக் குழுவில் வருவது, பள்ளிவாசல் அறிவிப்பு, பஜார்க்காரர்களின் குழு. முக்கால்வாசி மலையாளம். நான் அதைத் தமிழாக்கிச் சொல்வேன். முதலில் எல்லாவற்றையும் வாசித்தேன். ஒரு நாள் பஜார்க் குழுவில் யாரோ அவரைப் பற்றி, 'பாவம், ரெண்டு கண்ணும் போச்சாம், இனி என்ன செய்வான் அந்த மனுஷன்' என்று எழுதியிருந்தார்கள். அவர் அந்தக் குழுவில் இருப்பதையே மறந்துவிட்டு எழுதியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு அடுத்ததை வாசித்தேன். அவருக்குத் தெரியவில்லை. ஒரு வரியை விடுவது இத்தனை சுலபம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவருக்கு நெருங்கிய சிநேகிதர் ஒருவர் எதிர்க்கரையில் வைப்பின் தீவில் இருந்தார். படகு வைத்திருந்த கிறிஸ்தவர். கடை திறந்த முதல் வாரம் கயிறு வாங்க வந்து, கயிறு மட்டம் என்று சண்டை போட்டு, பிறகு அந்தச் சண்டையே சிநேகமாகிப் போனது என்பார்கள் இருவரும். ஞாயிற்றுக்கிழமைகளில் இவர் ஜங்காரில், அதாவது வண்டிகளை ஏற்றிப் போகிற படகில், அக்கரைக்குப் போவார். சிநேகிதர் வீட்டில் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் மீன் வாசனையோடு வருவார். தினமும் காலையில் அந்த மனிதர் அன்று கிடைத்த மீனைப் போட்டோ எடுத்து அனுப்புவார். இவருக்குக் கண் மங்கிய பிறகும் அனுப்பினார். நான் பார்த்துச் சொல்வேன்.

"அயலை. ஒரு பெட்டி நிறைய."

"உடம்புல கோடு இருக்கா?"

"இல்ல."

"பின்னெ எங்க அயலை? அது மத்தி. இத்தனை வருஷமா தின்னுட்டு மீன் தெரியல உனக்கு."

இடையில் சில மாதமாக அந்தச் சிநேகிதருக்குக் குரல் கரகரத்துக்கொண்டே வந்தது. பிறகு போனில் பேசுவதை நிறுத்திவிட்டார். தொண்டை சரியில்லை, டாக்டர் பேச வேண்டாம் என்கிறார் என்று எழுதினார். அதை நான் வாசித்துக் காட்டினேன். "கத்திக் கத்தி ஏலம் போட்டா அப்படித்தான்" என்று இவர் சிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் இடது கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். கண்ணுக்குள் வாயு நிரப்பி, ஒட்ட வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஆபரேஷன் முடிந்ததும் பத்து நாள் குப்புறப் படுத்திருக்க வேண்டும். சாப்பிடவும் தொழவும்கூடக் குனிந்த தலை குனிந்தபடிதான். ஏற்கெனவே ஒரு தடவை சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று இவர் நாளைத் தள்ளியிருந்தார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இதையும் தள்ளினா அப்புறம் என்னிடம் வர வேண்டாம். வந்தும் பிரயோஜனம் இல்லை" என்றார். அந்த வார்த்தையை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஆபரேஷனுக்கு நாலு நாள் இருக்கும்போது, காலையில் போனைத் திறந்தால் சிநேகிதரிடமிருந்து போட்டோ இல்லை. மலையாளத்தில் இரண்டு செய்தி. தமிழில் சொன்னால் இப்படி வரும். 'டா, இது சாதாரணத் தொண்டை வலி இல்லை. கட்டி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இனி அங்கே செய்ய ஒன்றும் இல்லையாம்.' அதற்குக் கீழே, 'பேச வரவில்லை. நீ ஒரு தடவை வா. பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.'

அவர் எனக்கு எதிரே நாற்காலியில் சாயா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அவன் ஒண்ணும் அனுப்பலையா?"

"போட்டோ ஒண்ணும் வரலைங்க."

"காத்து இருக்கு. கடலுக்குப் போயிருக்க மாட்டான்."

நான் அடுத்ததை வாசித்தேன். என்ன வாசித்தேன் என்று இப்போது நினைவில்லை. சொன்னால் அந்த நிமிஷமே ஆட்டோவுக்குச் சொல்லிவிடுவார். போனால் ஒரு நாளில் திரும்ப மாட்டார். ஆபரேஷனைத் தள்ளிவிடுவார். எனக்குத் தெரியும் அவரை. நாலு நாளும் ஒரு பத்து நாளும் போகட்டும், நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நினைத்தேன். கட்டி வந்தவர்கள் மாதக்கணக்கில் இருப்பதைப் பார்த்திருக்கிறேனே. அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டு அவர் போனில் அவர் பெயரில் பதில் எழுதினேன். அவர் எழுதுகிற மாதிரியே எழுதினேன். 'எனக்குக் கண் ஆபரேஷன் இருக்குடா. முடிஞ்சதும் முதல் வேலையா உன்கிட்டதான் வருவேன்.'

ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. 'சரி. கண்தான் முக்கியம். மெதுவா வா. நான் இருப்பேன்.'

அதன் பிறகும் சில செய்திகள் வந்தன. ஆபரேஷன் அன்று காலை, மாதாவுக்கு மெழுகுவத்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன் என்று ஒன்று. வாயு நிரப்பினால் வலிக்குமா என்று ஒன்று. வலிக்காது என்று நான் எழுதினேன். நடுவில் சிநேகிதரின் மனைவி ஒரு தடவை கூப்பிட்டார். போன் என் கையில்தானே இருந்தது. "இவர் இப்ப குப்புறப் படுத்திருக்கார் சேச்சி, எழுந்ததும் வருவார்" என்றேன். "வரட்டும், அவரும் அதைத்தான் காத்துக்கிட்டு இருக்கார்" என்றார் அந்த அம்மா.

ஆபரேஷன் முடிந்த ஆறாம் நாள் அந்த அம்மா மறுபடி கூப்பிட்டார். சிநேகிதர் விடியற்காலையில் போய்விட்டாராம்.

கட்டிலின் ஓரத்தில் தலையணைகளை அடுக்கி, நடுவில் இடைவெளி விட்டு, அதில் முகத்தை வைத்துப் படுத்திருந்தார் இவர். அவரோடு பேச வேண்டுமென்றால் நான் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்க வேண்டும். அப்படி உட்கார்ந்துதான் சொன்னேன். உங்க சிநேகிதர் மவுத்தாயிட்டார்னு அவங்க வீட்டுல இருந்து போன் வந்துச்சு. திடீர்னு, என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் கையை ஊன்றி எழப் பார்த்தார். நான் தோளைப் பிடித்து அழுத்தினேன். "எழுந்திருக்கக் கூடாதுங்க. கண்ணு." ஐம்பத்தாறு வயது ஆள், என் கைக்கு அடங்கினார். கட்டு போட்ட கண்ணிலிருந்தும் போடாத கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்து என் முன்னால் தரையில் சொட்டியது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே அவன்" என்றார். "இத்தனை வருஷப் பழக்கம். முடியலடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

நான் தரையைத் துடைத்தேன்.

பத்து நாள் முடிந்தது. வாயு கரைந்தது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்ல முடிந்தது, அவ்வளவுதான். அடுத்த மாதமும் அவ்வளவுதான். அதற்கடுத்த மாதம் டாக்டர், "இனி இதுதான்" என்றார். ஆட்டோவில் திரும்பி வந்தோம். பாலத்தில் ஏறும்போது காற்று அடித்தது. "தோப்பும்படி பாலமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

எங்களுக்கு ஒரே மகள். அயர்லாந்தில் நர்ஸ். விஷயம் தெரிந்ததும் அவள் அழுதாள், பிறகு வேலை பார்க்கிறவள் மாதிரி பேசினாள். "அம்மா, அத்தா இப்படியே உட்கார்ந்திருக்கக் கூடாது. போன் பேசும். நான் என் பழைய ஐபோனைக் கொடுத்து அனுப்பறேன். அத்தாவோட ஆண்ட்ராய்டுலயும் அதே வசதி இருக்கு. ரெண்டையும் போட்டுப் பார்க்கட்டும்." லீவில் வந்த ஒருவர் கையில் அந்த ஐபோனை அனுப்பினாள். கண் தெரியாதவர்களுக்குப் போன் கற்றுத் தருகிற ஒரு பெண்ணையும் எறணாகுளத்தில் தேடிப் பிடித்தாள்.

அந்தப் பெண் முப்பது வயதுக்காரி. பிறவியிலேயே கண் தெரியாது. அப்பா தமிழ்நாட்டிலிருந்து ஹோட்டல் வேலைக்கு வந்தவர், அதனால் தமிழும் நன்றாக வரும். தேவராவிலிருந்து தனியாக பஸ் பிடித்து, வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு, எங்கள் தெருவைத் தானே கண்டுபிடித்து வந்து கதவைத் தட்டினாள். உள்ளே வந்ததும் முதல் வார்த்தையே, "இக்கா, எனக்கு ரெண்டு ஸ்பூன் சீனி. உங்களுக்குக் கிடையாதுன்னு தெரியும்" என்றாள். மூன்று மாதத்தில் அன்றைக்குத்தான் இவர் சிரித்தார்.

அவளிடமும் இரண்டு போன் இருந்தது. "எது நல்லதுன்னு எல்லாரும் கேட்பாங்க. எந்தச் செருப்பு நல்லதுன்னு கேட்கிற மாதிரி. உங்க காலு எதுன்னு பார்க்கணும்" என்றாள். மகள் அனுப்பிய ஐபோனில் கீழே வட்டமாக ஒரு பொத்தான் இருந்தது. வழி தப்பினால் அதை அமுக்கி முதலிடத்துக்கு வந்துவிடலாம். அது இவருக்குப் பிடித்தது. விரல் தொட்டதும் தயங்காமல் பேசியது. தமிழ்க் குரலும் தெளிவாக இருந்தது. இவருடைய ஆண்ட்ராய்டு விலை குறைந்தது, பழையது. விரலை ஒரு பக்கம் இழுத்து உடனே மறுபக்கம் திருப்ப வேண்டிய அசைவுகளில் இவர் தடுமாறினார். போனும் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்லும். "இது நம்ம பஜார் ஆபீசு மாதிரி. கூப்பிட்டா சாயா குடிச்சிட்டுத்தான் வரும்" என்றார்.

ஆனால் ஆண்ட்ராய்டில் தமிழும் இருந்தது, மலையாளமும் இருந்தது. விரலால் ஒரு அசைவு காட்டினால் குரல் மாறிக்கொள்ளும். எங்கள் கையில் இருந்த ஐபோனில் அன்றைக்கு மலையாளக் குரல் கிடைக்கவில்லை. வேறு ஆப் போட்டு வாசிக்க வைக்கலாம், ஆனால் கேட்கக் கொஞ்சம் கஷ்டம் என்றாள் அந்தப் பெண்.

அதைக் கேட்டதும் என் உடம்பு லேசாயிற்று. உள்ளதைச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டில் வாசிக்கப் பழகினால் ஒரு நாள் விரல் தானாக அந்தச் சிநேகிதரின் பெயரில் போய் நிற்கும். வந்த செய்தி, நான் அவர் பெயரில் எழுதின செய்தி, எல்லாவற்றையும் போன் வாய்விட்டு வாசிக்கும். அழித்துவிடலாம் என்று பல தடவை திறந்தேன். செத்துப்போனவர் இவருக்கு எழுதின வார்த்தை. என் விரல் வரவில்லை. ஐபோன் என்றால் எதையும் அழிக்க வேண்டாம். பழைய போன் அலமாரிக்குப் போய்விடும். புதியது மலையாளமே வாசிக்காது.

அன்றிலிருந்து நான் ஐபோன் கட்சி. மகளிடமும் ஐபோன்தான் இருக்கிறது, ஏதாவது கோளாறு என்றால் அவளே சொல்லித் தருவாள் என்றேன். கீழே விழுந்தாலும் தாங்கும் என்றேன். குரல் அழகாக இருக்கிறது என்றேன். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் விளம்பரக்காரி மாதிரி பேசினேன்.

"பழைய செய்தி எல்லாம் மாத்திடலாம் இத்தா, ஒரு வயர் போட்டா போதும், கொஞ்சம் மெனக்கெடணும்" என்றாள் அந்தப் பெண்.

"வேண்டாம்மா. பழசெல்லாம் எதுக்கு?"

இவர் குறுக்கே பேசினார். "இல்ல, மாத்தட்டும். அவன் அனுப்பின மீன் போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு."

"பார்க்கவா போறீங்க?" என்றேன்.

வாயிலிருந்து வந்துவிட்டது. அந்தப் பெண் டம்ளரைக் கீழே வைத்தாள். இவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் நான் அவரை அப்படிப் பேசியதில்லை. பயம் என்னை அவ்வளவு தூரம் கொண்டுபோயிருந்தது.

ஒரு வாரம் அது, ஒரு வாரம் இது என்று மாற்றி மாற்றிப் பழகினார். கடைசியில் அவரே, "ஐபோனே இருக்கட்டும். உன் இஷ்டமும் அதுதானே" என்றார். "பஜார் குழு, பள்ளிவாசல் குழு எல்லாம் மலையாளமாச்சே இக்கா" என்றாள் அந்தப் பெண். அதற்கு அவர் என் பக்கம் கையைக் காட்டினார். "அதுக்கு இவ இருக்கா. இத்தனை நாளும் இவதானே வாசிச்சா. ஒரு எழுத்து விடாம வாசிப்பா. இவளைவிட நல்ல போன் எந்தக் கம்பெனில செய்யறான்?"

நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். அந்தப் பெண் சுவரைத் தொட்டுக்கொண்டே பின்னால் வந்தாள்.

"இத்தா, ஒண்ணு சொல்லட்டா? தப்பா எடுக்கக் கூடாது."

"சொல்லும்மா."

"எனக்குப் பத்து வயசு வரைக்கும் எங்கம்மாதான் எல்லாம் வாசிச்சுக் காட்டுவாங்க. லெட்டர், பேப்பர், எல்லாம். பெரிசான பிறகு கம்ப்யூட்டர் குரலை வச்சு நானே வாசிச்சப்பதான் தெரிஞ்சது, அம்மா நல்லதை மட்டும்தான் வாசிச்சிருக்காங்கன்னு. அம்மா மேல கோவம் இல்ல. ஆனா அந்தப் பத்து வருஷமும் நான் வேற ஒரு உலகத்துல இருந்த மாதிரி ஆயிடுச்சு. இக்காவுக்கு ரெண்டு பாஷையும் வேணும். அவ்வளவுதான்."

அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி இருந்தது.

நாலு நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. பக்கத்து வீட்டுக்காரர் இவரைக் கைபிடித்துப் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டார். சாப்பிட்டோம். நான் அலமாரியிலிருந்து ஆண்ட்ராய்டு போனை எடுத்து, சிநேகிதரின் பெயரைத் திறந்து, குரலை மலையாளத்துக்கு மாற்றி அவர் கையில் வைத்தேன்.

"இது எதுக்கு?"

"உங்க சிநேகிதர் அனுப்பினது இருக்கு. நான் வாசிக்காதது. நீங்களே கேளுங்க."

அவருக்குப் புரியவில்லை. விரலை வலது பக்கம் தள்ளினார். போன் வாசித்தது. உணர்ச்சி இல்லாத ஒரு பெண் குரலில், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல், கட்டி என்றது, இனி செய்ய ஒன்றும் இல்லை என்றது. பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்றது. அவர் விரல் நின்றது. மறுபடி தள்ளினார். அவர் பெயரில் நான் எழுதியது வந்தது. முடிஞ்சதும் முதல் வேலையா உன்கிட்டதான் வருவேன்.

"இது யாரு எழுதினது?"

"நான்தான்."

மேலும் தள்ளிக்கொண்டே போனார். மெழுகுவத்தி. வலிக்குமா. வலிக்காது. எல்லாம் முடிந்து, இனி ஒன்றும் இல்லை என்பதற்குப் போன் டொக்கென்று ஒரு சத்தம் போட்டது. அவர் திரும்ப முதலிலிருந்து கேட்டார். இரண்டாம் தடவையும் நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

"எத்தனை நாளு முன்னாடி?"

"ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்னாடி."

"நாலு நாள்" என்றார். "ஆட்டோ, ஜங்கார் எல்லாம் சேர்த்தா அரை மணி நேரம்."

"நீங்க ஆபரேஷனை விட்டுடுவீங்கன்னு பயந்தேன். டாக்டர் இனிமே வர வேண்டாம்னு சொன்னார்."

"விட்டிருப்பேன்" என்றார். சத்தத்தை உயர்த்தாமல், உண்மையாகவே பதில் தெரிய வேண்டும் என்பதுபோல் கேட்டார். "சரி, கண்ணு வந்துச்சா?"

நான் சாப்பிட்ட தட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினேன்.

"நான் அவனைத் திட்டிட்டு இருந்தேன், கேட்டியா" என்றார். "இத்தனை மாசமா. ஒவ்வொரு தொழுகையிலயும் அவனுக்குத் துஆ கேட்கப் போவேன். கேட்க வராது. சொல்லாம போயிட்டானேன்னு அடைச்சுக்கும். அவன் சொல்லியிருக்கான்."

கோபப்பட்டுக் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். அவர் கத்தவில்லை. போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். சுவரைத் தடவிக்கொண்டே உள் அறைக்குப் போனார். வழியில் ஸ்டூல் ஒன்று கிடந்தது. நான் ஓடிப்போய் எடுப்பதற்குள் அதில் இடித்துக்கொண்டார். நான் நீட்டிய கையை அவர் பிடிக்கவில்லை.

அடுத்த வாரம் அந்தப் பெண் வந்தபோது, "எனக்கு ஆண்ட்ராய்டு மதி, அது போதும்" என்றார். "கொஞ்சம் வேகமா உள்ளதா ஒண்ணு வாங்கிக்கறேன். பழைய செய்தி ஒண்ணு விடாம அதுக்கு வரணும்." காரணம் அவள் கேட்கவில்லை. அவர் வெறி பிடித்த மாதிரி கற்றுக்கொண்டார். தடுமாறின அந்தத் திருப்பு அசைவை நூறு தடவை, இருநூறு தடவை போட்டுப் பழகினார். ஒரு மாதத்தில் பஜார்க் குழுவில் அவரே பேசிப் பதிவு செய்து பதில் அனுப்பினார். அதை இவர் கேட்டுவிட்டார் என்று தெரிந்ததும், பாவம் என்று எழுதின மனிதர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். மகள் சந்தோஷப்பட்டாள். "பார்த்தியாம்மா, அத்தா எப்படி மாறிட்டார்!" அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தது அவர் எனக்குச் செய்த மரியாதையா, அதைப் பேசவே அவருக்குப் பிடிக்கவில்லையா என்று தெரியாது.

காலையில் சாயா குடித்ததும் இப்போது காதில் இயர்போனை மாட்டிக்கொள்கிறார். விரல் நகர்கிறது. ஒரு இடத்தில் உதடு லேசாகச் சிரிக்கிறது, ஒரு இடத்தில் புருவம் சுருங்குகிறது. என்ன செய்தி, யார் அனுப்பியது, எனக்குத் தெரியாது. நான் எதிரே உட்கார்ந்து என் சாயாவைக் குடிக்கிறேன். என்னிடம் பேசாமல் இல்லை. மாத்திரை கேட்பார், சோறு போடச் சொல்வார், மகள் பேசினாளா என்று கேட்பார். ஆனால் 'வாசி' என்று அதன் பிறகு ஒரு நாளும் சொன்னதில்லை. போன மாதம் ஆஸ்பத்திரியில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். நான் பக்கத்தில் நிற்க, எதிரே இருந்த நர்ஸிடம் அதை நீட்டி, "மோளே, இது ஒண்ணு வாசிச்சுத் தருமோ?" என்று கேட்டார். அந்த நர்ஸ் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாசித்துக் கொடுத்தாள்.

நான் செய்தது அவருடைய கண்ணுக்காக என்றுதான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். முழுக்க அப்படியும் இல்லை. அவர் உலகத்தில் எது நுழையலாம், எது நுழையக் கூடாது என்று தீர்மானிக்கிற இடத்தில் நான் இருந்தேன். முதல் வரியை விட்ட நாளிலிருந்தே எனக்கு அது பழகியிருந்தது. சிநேகிதரின் செய்தியையும் அந்த முதல் வரியை விட்ட மாதிரியேதான் விட்டேன். அவர் பெயரில் எழுதினதும் அவ்வளவு சுலபமாகத்தான் இருந்தது. அதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

சிநேகிதர் போய் ஒரு வருடம் ஆனது. அதற்கு முந்தின நாள் மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது என் போனில் செய்தி வந்தது. பக்கத்து அறையிலிருந்து இவர்தான் அனுப்பியிருந்தார். தமிழில், வாயால் சொல்லி எழுத வைத்தது. இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. 'நாளை வைப்பின் போறேன். அவன் மகன் வந்து கூட்டிட்டுப் போவான். கல்லறைக்குப் போயிட்டு அவங்க வீட்டுல சாப்பிட்டு வருவேன். நீ வர வேண்டாம்.'

நானும் செய்தியிலேயே பதில் எழுதினேன். 'சரிங்க. மாத்திரை எடுத்து வைக்கிறேன்.' உள்ளே அவர் போன் அதை வாசிக்கிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. இயர்போன் மாட்டியிருந்தார்.

மறுநாள் அந்தச் சிநேகிதரின் மகன் ஆட்டோவோடு வந்தார். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். நேரமாகிவிடும் என்றார். இவர் வெள்ளைச் சட்டை போட்டு, கோலைப் பிடித்துக்கொண்டு, படியை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து இறங்கினார். நான் கையை நீட்டாமல் நின்றேன். அந்த மகன் என்னைப் பார்த்து, "அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் நம்பிக்கை, ஆண்ட்டி. இக்கா வருவாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. வருவேன்னு இக்கா எழுதின அந்தச் செய்தியை எங்க எல்லாருக்கும் எடுத்துக் காட்டுவாரு" என்றார். நல்லதைச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்த இவர் காதிலும் அது விழுந்தது. ஒரு நொடி அப்படியே நின்றார். பிறகு உள்ளே உட்கார்ந்து, கோலை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, "போகலாம்" என்றார்.